ஐ கட் ட்ரீ

இப்போதெல்லாம் ஜனங்கள் தனியாகப் பேசிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டால் படிப்பு என்கிறார்கள். முன்பெல்லாம் ஒருத்தி அடுப்படியில் நின்று சட்டியோடு பேசினால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, இங்கிலீசு பழகுது, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பேசுகிறவளுக்கும் வெட்கமில்லை, பார்க்கிறவளுக்கும் வெட்கமில்லை. இருசப்பனுக்குத்தான் காது கூசியது.

கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்தவர் அவர். வெள்ளைக்காரத் துரைக்கும் பால்மரம் வெட்டுகிற ஜனங்களுக்கும் நடுவில் நின்று, மேலே சலாம் போட்டு, கீழே ஏசி, காலத்தை ஓட்டியவர். வேலையை விட்டு ஆறு வருஷமாகிறது. மகன் சேது லோரி கவிழ்ந்து செத்து மூன்று வருஷம். மிச்சம் இருப்பது மருமகள் நவமணி. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குத்தான் வீடு. இப்போது பேர் பதிந்திருப்பது நவமணி. அவள் மரம் வெட்டுகிற வரைக்கும் இருசப்பன் தலைக்கு மேல் தகரம் இருக்கும். அவள் வேலையை விட்ட மாசமே தோட்டத்து ஆபீசிலிருந்து பெரிய கிராணி வந்து சாவியைக் கேட்பான். கிராணிகளை அவருக்குத் தெரியும். இரக்கப்படுகிற கிராணியை அவர் பார்த்ததே இல்லை.

அவளோ ராவாங் டவுனில் கண் வைத்துவிட்டாள். ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள் அங்கே மழைக்காளான் மாதிரி முளைத்த நேரம் அது, எண்பத்தெட்டாம் வருஷம். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க் வேலை காலியிருக்கிறதாம். டாங்கி லோரியில் வந்து இறங்கும் ரப்பர் பாலை எழுதி வைக்க வேண்டும். மூன்றாம் பாரம் வரை படித்தவள், மலாய் எழுதப் பேச வரும். இங்கிலீசு மட்டும் வேண்டும். நேர்முகத்துக்கு மூன்று மாசம் இருந்தது.

குவாலா குபுவில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தாள். அதில் என்ன போட்டிருந்ததோ அதையெல்லாம் செய்தாள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் நோட்டில் எழுதுவாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று பத்து நிமிஷம் தன்னையே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வாள். ரேடியோவில் இங்கிலீசுச் செய்தி வந்தால் வாசிக்கிறவன் பின்னாலேயே முணுமுணுப்பாள். கையால் என்ன வேலை செய்கிறாளோ அதை வாயால் இங்கிலீசில் சொல்லிக்கொண்டே செய்வாள். சோறு வடித்தாலும் அப்படித்தான், துணி அலசினாலும் அப்படித்தான். வீட்டுச் சாமான்களில் எல்லாம் பேர் எழுதித் துண்டுக் காகிதம் ஒட்டினாள். ஒட்டுவதற்குப் பசை வாங்கவில்லை. ரப்பர் காட்டிலிருந்து கொண்டுவந்த பாலே போதுமாக இருந்தது. கதவில், வாளியில், அம்மிக்கல்லில், இருசப்பன் உட்காரும் நாற்காலி முதுகில்கூட ஒரு காகிதம். அவருக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. தன் முதுகுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மூன்று மாசம் உட்கார்ந்திருந்தார்.

தப்பாகப் பேசினாலும் பேசு, கேட்கிறவன் திருத்துவான் என்று புத்தகத்தில் இருந்ததாம். அதை அவரிடமே சொன்னாள். வெள்ளைக்காரனோடு முப்பது வருஷம் நின்றவராயிற்றே, தப்பு வந்தால் சொல்லுங்கள் என்றாள். எனக்கு என்ன தெரியும், துரை தமிழில்தான் பேசுவார் என்று சொல்லிவிட்டு அவர் வெற்றிலையை மடித்தார்.

துரை தமிழ் பேசியது உண்மைதான். ஜனங்களை ஏசுவதற்குத் தமிழ், நாயைக் கூப்பிடுவதற்கும் மண்டோரைத் திட்டுவதற்கும் இங்கிலீசு. பட்டையில் காயம் பட்ட மரத்தைத் தடியால் தட்டி, "பேட் டேப்பிங், மண்டோர்" என்பார். மழை வந்தால், "நோ டேப்பிங்." மரத்துப் பாலை அவர் ஒரு நாளும் மில்க் என்று சொன்னதில்லை. லேட்டக்ஸ் என்பார். மில்க் அவர் தேத்தண்ணீரில் ஊற்றிக் குடிப்பது.

ஆகவே நவமணி கண்ணாடி முன்னால் நின்று முதல் தடவை சொன்னபோதே இருசப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐ கட் ட்ரீ. எவ்ரி டே ஃபைவ் ஹண்ட்ரட் ட்ரீ. மில்க் கம். ஐ கேரி மில்க்."

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது சரியாகத்தான் படும். ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறப் போவதைத்தான் நாம் மரம் வெட்டப் போகிறோம் என்கிறோம், பால் எடுக்கிறோம் என்கிறோம். அகராதியில் வெட்டு என்றால் கட், பால் என்றால் மில்க். அவளும் அப்படியே எடுத்துப் போட்டாள். வெளியில் இருக்கிறவன் கேட்டால், தினம் ஐந்நூறு மரத்தைச் சாய்த்துவிட்டு மாட்டுப்பால் சுமக்கிறவள் என்று நினைப்பான்.

ஒரு நாள் லயத்துக் கோடியில் இருக்கும் தண்ணீர்ப் பைப்பில் காகிதம் ஒட்டிவிட்டு, "டேப், டேப்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இருசப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மரத்துக்கு வேண்டிய சொல்லைக் கொண்டுபோய்ப் பைப்பில் ஒட்டியிருக்கிறாளே. ஒரே சொல்லை மரத்துக்கும் வைக்கிறான், பைப்புக்கும் வைக்கிறான். இதெல்லாம் ஒரு பாஷையா, ஊரை ஏமாற்றுகிறவன் பேச்சு மாதிரி இருக்கிறது என்று நினைத்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் தகரக் கூரையைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றோடு அதை விழுங்கிவிட்டார்.

மூன்று மாசமும் அவள் அதைத்தான் சொன்னாள். காட்டில் ஒவ்வொரு மரத்திடமும் சொன்னாள். நாளாக நாளாக உச்சரிப்பு நன்றாக வந்தது. தப்பு உருண்டு திரண்டு அழகாகிவிட்டது.

நேர்முகத்துக்கு அவரையும் துணைக்குக் கூப்பிட்டாள். வேலை கிடைக்கட்டும் மாமா, மற்றதை அப்புறம் பேசலாம் என்று பஸ்ஸில் சொன்னாள். மற்றது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா. உங்கள் பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை இந்தக் காலத்துப் பெண்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

தொழிற்சாலை வாசலிலேயே அமோனியா வாடை மூக்கில் ஏறியது. ஆள் எடுக்கும் ஆபீசில் சிவானந்தம் என்று ஒருவன் இருந்தான். கழுத்துப் பட்டி கட்டியிருந்தான். நவமணியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னான். இருசப்பனைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான்.

"பெரியவரே, இந்த பெஞ்சில ஒக்காருங்க. வெத்தல துப்பக்கூடாது."

"தம்பிக்கு எந்தத் தோட்டம்?"

"தோட்டமெல்லாம் இல்ல, ராவாங்தான்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

பெஞ்சுக்குப் பின்னால் கண்ணாடிப் பட்டை வைத்த சன்னல், பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சீன அம்மா, வயசானவள், மெதுவாகப் பேசினாள். பேர் கேட்டாள், படிப்புக் கேட்டாள். நவமணி நன்றாகத்தான் சொன்னாள். கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் வரிசையாக வந்தது. வேலை கிடைத்துவிடும் போலிருந்தது, இருசப்பன் சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஐ கட் ட்ரீ" என்றாள் நவமணி.

ஐந்நூறு மரமா, ஒரே நாளிலா என்று அந்த அம்மா திரும்பக் கேட்டாள். ஆமாம், அப்புறம் மில்க் வரும், அதைச் சுமப்பேன் என்றாள். குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. நான் சோம்பேறி இல்லை என்று காட்டுகிற நிமிர்வு. அந்த அம்மா சிவானந்தத்தைப் பார்த்திருப்பாள். மரம் வெட்டுவது என்றால் என்ன என்று அங்கே தெரிந்தவன் அவன்தான். அவன் ஒரு சொல் எடுத்துச் சொன்னால் போதும். அவனோ கேலி பண்ணினான், அதில் இருசப்பனுக்குக் காட்டையும் மாட்டையும் பற்றிய இரண்டு சொல் மட்டும் பிடிபட்டது. அதற்குள் அடுத்த அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தாள், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டாள். டேப்பிங், லேட்டக்ஸ் என்று இரண்டு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள்.

சிவானந்தத்துக்கு மட்டும் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கம்மாவும் உலு யாம் தோட்டத்துல இருவத்தஞ்சு வருசம் மில்க் எடுத்தவங்கதான் தங்கச்சி. ஒரு மாடுகூட வாங்கல."

அதற்குப் பின் அந்த அம்மாதான் பேசினாள். இறங்குகிற சரக்கின் பேரையே தப்பாக எழுதுகிறவளை ஸ்டோரில் வைக்க முடியாது என்பது அதன் சாரம் என்று பின்னால் தெரிந்தது. கடைசியில் நவமணி ஒரே ஒரு தடவை "எஸ்" என்றாள்.

வெளியே வந்தவள் அழவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால் நடந்தாள். தேத்தண்ணீர்க் கடை ஓரத்தில் நின்று திரும்பினாள்.

"தொர மரம் வெட்டுறத என்னான்னு சொல்லுவாரு மாமா?"

"தமிழ்லதான் சொல்லுவாரு."

"டேப்பிங்."

அவர் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டார்.

"மூணு மாசம் ஒங்க எதிர்லதான் நின்னு சொன்னேன். ஒரு நாளாச்சும் ஒங்க மூஞ்சியப் பாத்திருக்கணும் நான். கண்ணாடியவே பாத்துட்டேன்."

"எனக்கு என்னாடி தெரியும். படிக்காதவன்."

"கேக்கத் தெரியும்ல."

டாக்சிக்காரன் ஒருவன் குவாலா குபு, குவாலா குபு என்று கத்திக்கொண்டு போனான். நவமணி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். இந்த வேலைக்கு எழுதிப் போட்ட மனுப்பாரத்தின் நகலாம். கிளார்க் வேலைக்கு இரண்டு அறை வைத்த குவார்ட்டர்ஸ் உண்டாம். கூட யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தார்களாம்.

"ரெண்டாவது வரியப் பாருங்க. இருசப்பன், மாமனார்னு போட்டிருக்கேன்."

இருசப்பன் பார்த்தார். கறுப்பாக ஏதோ இருந்தது. அவர் பேராகவும் இருக்கலாம், உர மூட்டைக்கு எழுதிய சீட்டாகவும் இருக்கலாம்.

"வேலை இல்லேன்னு ஆன பொறவு என்னா வேணும்னாலும் காட்டுவே."

"கடைக்காரர படிக்கச் சொல்லுங்க."

"அவன் ஒனக்குத்தான் பேசுவான்."

அவள் தாளை வற்புறுத்தி நீட்டவில்லை. நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், தேத்தண்ணீர்க் கடைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையுறையைப் பெட்டியில் அடுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள், ஹாஸ்டலில் ஒரு கட்டில் உண்டு, திங்கட்கிழமை வர வேண்டும், சாவியைப் பெரிய கிராணியிடம் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"நான் எங்கடி போவேன்?"

"ஹாஸ்டல்ல பொம்பளைங்க மட்டுந்தான் மாமா" என்றாள். பையை மூடிக்கொண்டு, பஸ் வருகிற பக்கம் திரும்பி நின்றாள்.

கெர்லிங் போகிற பஸ் வந்து நின்றது. இருசப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். குப்பைத் தொட்டியைத் தாண்டும்போது கால் கொஞ்சம் தயங்கியது. எழுதியவளும் அவள், படித்துச் சொல்கிறவளும் அவள். இதில் நம்புவதற்கு என்ன இருக்கிறது. இரண்டு அறையாம், அதில் ஒன்று தனக்காம். தூவென்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினார்.