முப்பத்திரண்டாவது மீன்

தங்கையின் முகாமிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொட்டியைப் பெரியவள் கவிழ்க்கவில்லை. ஒவ்வொரு பொருளாக எடுத்து முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மழைக்கோட்டு. நெற்றியில் கட்டும் விளக்கு. நூல் கட்டிய பென்சில் துண்டு. ரப்பர் பூட்ஸ், ஒற்றைக் காலுக்கு மட்டும். இன்னொன்று ஆற்றோடு போய்விட்டது என்று முகாம் அதிகாரி வந்த உடனேயே, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களை அவள் நம்புவதில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடம் ஊசி குத்தியவள். "காலையில ஒண்ணுமே சாப்பிடல மேடம்" என்று தானாக முன்வந்து சொல்கிறவர்கள்தான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

உள்ளே கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. சின்னவளின் உடல் மருத்துவமனையிலிருந்து மூன்று மணிக்கு வரும். இப்போது இரண்டே கால்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஐந்து பேர் நின்றார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. ஒரே மாதிரிப் பச்சைச் சட்டை, முதுகில் மீன் படம். சின்னவளோடு களப்பணிப் பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர்கள். மழை பிடித்ததும் மீன்கள் முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அந்த மூன்று மாதமும் குறுக்கே வலைக்கூண்டு வைத்து, ஏறி வருகிற ஒவ்வொன்றையும் நீளம் அளந்து, எடை பார்த்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இந்த வேலைக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தபோது சித்தப்பா, "ஏம்மா, அதுங்களுக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கறீங்க?" என்று கேட்டார். "ஆமா சித்தப்பா. மிச்சத் துணியில உங்களுக்கும் ஒண்ணு தைக்கறேன், தொப்பை அளவு சொல்லுங்க" என்றாள் சின்னவள்.

ஆறாவது ஒருத்தியும் இருந்தாள். தலைமுடியைக் காதோடு வெட்டியிருந்தாள். வந்ததிலிருந்து அவள் கேட்டருகே நிற்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், தட்டில் டம்ளர்களை அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமலே செய்தாள். விரல்களில் இரண்டு பிளாஸ்திரி, நீரில் ஊறி வெளுத்திருந்தன.

பெரியவளின் கண் அவளிடம் நிற்கவில்லை. ஐவரில் ஒரு நெட்டையன் இருந்தான். மற்றவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், கூட்டத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள். அவன் மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, இங்க ஒரு கையெழுத்து" என்றார் முகாம் அதிகாரி. அப்பா மடியில் ஏற்கெனவே அட்டையும் தாளும் வந்துவிட்டிருந்தன. முப்பது வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்த அப்பா, யார் தாள் நீட்டினாலும் பேனாவைத் தேடுவார்.

"என்னப்பா அது?"

"சாமானெல்லாம் வந்து சேர்ந்துடுச்சுன்னு எழுதிக் கேக்கறாங்கம்மா. கையெழுத்துதானே."

பெரியவள் வாங்கிப் பார்த்தாள். மேல் பாதியில் பொருட்களின் பட்டியல். கீழ்ப் பாதியில் சம்பவ விவரம். 'விதிகளுக்கு மாறாக, எவருக்கும் தெரிவிக்காமல், அதிகாலையில் தனியாக ஆற்றுக்குச் சென்றதால்' என்று ஒரு வரி. இரண்டுக்கும் சேர்த்து அடியில் ஒரே கையெழுத்து.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள்.

தொட்டியில் கடைசியாக இருந்தது சாப்பாட்டு டப்பா. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தார்கள். சின்னவள் ஜென்மத்தில் டப்பாவை இப்படிக் கழுவியவள் இல்லை. திறந்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு தாள்.

மழையில் நனைந்தாலும் கிழியாத தாள். பென்சில் எழுத்து. ஏழுக்கு இடுப்பில் குறுக்குக் கோடு போடுவது அந்த வீட்டில் ஒருத்திதான். மேலே அவள் இறந்த நாளின் தேதி. முப்பத்தொரு வரிசை நிரம்பியிருந்தது. முப்பத்திரண்டாவதில் நீளம் மட்டும் இருந்தது: 214. எடைக் கட்டம் காலி.

பெரியவள் தாளை மூக்கருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை. வேறொன்றும் இல்லை.

போன மாதம் சின்னவள் தொலைபேசியில் புலம்பியிருந்தாள். "ஒரு நாள் ஆள் இல்லன்னு நானே பிடிச்சு நானே எழுதினேன்க்கா. தாள் பூரா வழவழன்னு செதிலு. பையே நாறுது." பெரியவளின் வேலையிலும் அதே கதைதான். ஊசி குத்துகிற கை பேனாவைத் தொடாது.

இந்தத் தாளில் ஒரு செதில் இல்லை, ஒரு கறை இல்லை. இதை எழுதிய கை அன்று காலை மீனைத் தொடவே இல்லை.

"சார், அன்னிக்குக் காலையில அவகூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லம்மா. அதானே பிரச்சனையே. எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க."

"மூணு பேர் போகணும்பாளே. ஒருத்தர் தண்ணிக்குள்ள, ஒருத்தர் கரையில எழுத. மூணாவது ஆளு கயித்தப் பிடிச்சிக்கிட்டு இவங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே நிக்கணும்னு."

"அதைத்தான் மீறிட்டாங்க. எனக்கும் பொண்ணு இருக்கும்மா. உங்க மனசு புரியுது."

"மேலிடத்துலேருந்து ஆளுங்க வராங்க, சுத்திக் காட்டணும், ஆள் பத்தலன்னு முந்தின நாள் சொன்னா. வந்தாங்களா?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சித்தப்பா எழுந்து வந்தார். "இப்ப எதுக்கும்மா இந்த விசாரணை? போனவ வந்துடப் போறாளா? கையெழுத்தப் போட்டு அனுப்பு."

"அவமேல எழுதியிருக்காங்க சித்தப்பா. அவ தப்புன்னு எழுதியிருக்காங்க."

சித்தப்பா தாளைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

இந்த இரண்டு மாதத்தில் சின்னவளுக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. எதைச் சொன்னாலும் "திருப்பிச் சொல்லு" என்பாள். தண்ணீரில் நிற்கிறவர் எண்ணைக் கத்திச் சொல்ல, எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுத வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமை வரேன், அப்பாவுக்கு மாத்திரை வாங்கி வை. எங்க, திருப்பிச் சொல்லு." பெரியவளுக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சொல்லுவாள்.

அவள் தாளை விரித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நெட்டையனைப் பார்த்தபடி, ஆற்றங்கரையில் கத்துவதுபோல் உரக்கப் படித்தாள்.

"முப்பது. நீளம் நூத்தித் தொண்ணூத்தேழு. எடை எழுவத்தெட்டு."

கேட்டருகே உதடுகள் அசைந்தன. பழகிய வாய்கள்.

"முப்பத்தொண்ணு. நீளம் எரநூத்தி மூணு. எடை எம்பத்தஞ்சு."

இந்த முறை முணுமுணுப்பு காதில் விழுந்தது. "எம்பத்தஞ்சு."

"இதெல்லாம் என்னம்மா..." என்று அதிகாரி கிட்டே வந்தார்.

"முப்பத்திரண்டு. நீளம் எரநூத்திப் பதினாலு. எடை..."

நிறுத்தினாள். நெட்டையன் நிமிர்ந்தான். அவன் பார்வை பெரியவளைத் தாண்டி வாசற்படிக்குப் போயிற்று.

"தொண்ணூத்தாறு."

தண்ணீர்த் தட்டோடு நின்றவள்தான்.

"தொண்ணூத்தாறு கிராம்க்கா. கூண்டுப் பக்கமா திரும்பி நின்னு சொன்னேன். அவ திருப்பிச் சொல்லல. சத்தத்துல கேக்கலன்னு இன்னொரு தடவ சொன்னேன். அப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். கரையில எழுதற அட்ட மட்டும் இருந்துச்சு. அதுலேருந்த தாளைத்தான் டப்பாவுல வெச்சேன்."

"இங்க பாரும்மா, நீ இப்ப..." என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"கயிறு நான் பிடிச்சிருக்கணும்" என்றான் நெட்டையன். "வந்தவங்களுக்குச் சுத்திக் காட்ட சார் கூப்பிட்டாரு. போயிட்டேன்."

சித்தப்பா போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அட்டையைத் தாளோடு அதிகாரி பக்கம் நீட்டினார். அவர் வாங்குகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ, "வழிய விடுங்க, வழிய விடுங்க" என்றார்கள்.

பெரியவள் தரையில் உட்கார்ந்தாள். நூல் கட்டிய பென்சிலை எடுத்தாள். தாளை முழங்காலில் வைத்துச் சுருக்கம் நீவினாள்.

"தொண்ணூத்தாறு" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு கட்டத்தில் எழுதினாள்.