தலைக்கு மேல் நின்ற ஐப்பசி

எழுதிப் பழகாத கை இது. துணிந்தமையைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஐப்பசியில் காஞ்சிபுரத்தில் பெய்யத் தொடங்கிய மழை தரையைத் தொடவில்லை. உயரமான ஓர் ஆள் கை தூக்கினால் எட்டும் இடத்தில், துளித்துளியாக, அப்படியே நின்றுவிட்டது. ஐயம்பேட்டைப் பேருந்துகள் கூரை மட்டும் நனைந்து வந்தன. பயணிகள் வழக்கம்போல் வேர்வையில் இறங்கினர். மார்கழியில் இது ஆலங்கட்டியாக உறையும் என்றனர் சிலர். பனியையே தின்றுவிடும் என்றனர் வேறு சிலர். பின்னர் தேங்காய் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

நெசவு செய்யும் கலைவாணிக்குக் காத்திருக்க நேரமில்லை. தை முதல் முகூர்த்தத்தில் மகளுக்குத் திருமணம். கூறைப்புடவையைத் தம் தறியிலேயே நெய்வதென்று முடிவு செய்திருந்தார். அதற்கு முதலில் நீளவாட்டு இழைகளான பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, உலர்த்திச் சுருட்ட வேண்டும். பலர் கைகொடுக்காமல் அது நடவாது. கூப்பிடாமலே வந்து நிற்பது அந்தத் தெருவின் வழக்கம். அன்று ஒருவரும் வரவில்லை.

“மேல பாத்தியாம்மா? நீ நீட்டிக்கினு இருக்கும்போது எறங்கிச்சுன்னா பட்டு பூரா பாயசந்தான்,” என்றார் எதிர்வீட்டு நமச்சிவாயம், வாசலை விட்டு நகராமலே.

“அதுக்காக எம்பொண்ணு நைட்டியிலயா தாலி கட்டிக்கும், அண்ணே?”

கலைவாணி ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினார். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். அதைப் பார்த்த ஜரிகைக் கடை அம்பரீன், கடையைத் திறந்தபடியே விட்டு ஓடி வந்தார்.

“இடுப்பு ஒடிஞ்சா கல்யாணத்துல யாரு அக்கா பந்தி பாக்குறது? குடு இப்படி.”

அதன்பின் வெட்கப்பட்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தனர். கடைசியாக நமச்சிவாயமும் வந்தார். யாரேனும் உரக்கப் பேசினால் மழை ஒரு சாண் தாழ்ந்தது. ஆகவே வேலை சைகையிலேயே நடந்தது. துளிகள் தலைமுடியைத் தொட்டபோது கலைவாணி குனிந்தார், மேலும் தாழ்ந்தபோது மண்டியிட்டார், தெருவே மண்டியிட்டது. அறுந்த இழைகளை முடிந்துகொண்டே நகர்ந்த அவர், ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

சுருட்டிய பாவு வீட்டுக்குள் போனதும், நமச்சிவாயம் அதுவரை அடக்கியிருந்த தும்மலைத் தும்மினார். ஐப்பசி முழுவதும் ஒரே கணத்தில் விழுந்தது.

மார்கழி பனியின்றி வந்தது. பஜனை பாடியவர்கள் விசிறியுடன் தெருவைச் சுற்றினர். யாரும் காரணம் கேட்கவில்லை.

இழந்தவை: இரண்டு சைக்கிள்கள், நமச்சிவாயத்தின் மூக்குக்கண்ணாடி, அம்பரீன் கடையில் ஓர் அலமாரி ஜரிகை, அவ்வாண்டின் குளிர்காலம். பாவில் ஓர் இழையும் போகவில்லை.