வலது கண்ணின் நோட்டீஸ் பீரியட்

பல் தேய்த்துக்கொண்டிருந்த உத்தமனிடம் அவனுடைய வலது கண் ராஜினாமா கொடுத்தது.

"பேப்பர் போட்டுட்டேன், குரு. ஒரு மாசம் நோட்டீஸ் பீரியட். அப்புறம் நீ ஒத்தக் கண்ண வெச்சுச் சமாளிச்சுக்கோ."

வாய் நிறைய நுரையோடு உத்தமன் திருதிருவென்று விழித்தான். அதிலும் இடது கண் மட்டும்தான் விழித்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலை, ஆனேக்கல் பக்கம் வாடகை வீடு, போன வருடம்தான் பிரபாவோடு கல்யாணம். இருபத்தேழு வயதில் ஒரு கண் போனால் புரோகிராம் எப்படி எழுதுவது, வண்டி எப்படி ஓட்டுவது?

கண்ணின் குறை நியாயமானது என்பதுதான் எரிச்சல். இரவில் விளக்கை அணைத்ததும் உத்தமன் போனும் கையுமாக இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பான். இடது கண் தலையணைக்குள் புதைந்து சுகமாகத் தூங்கும். வலது கண் தனியாளாக, வீடியோவில் யாரோ பரோட்டா வீசுவதையும் யாரோ மாட்டுக்கு லாடம் அடிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும். எழுந்தால் கொஞ்ச நேரம் அதற்கு ஒன்றுமே தெரியாது.

"நைட் ஷிப்ட் எனக்கு மட்டும். பகல்ல ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதை!" என்றது. இடது கண் இது எதுவும் காதில் விழாததுபோல் இருந்தது.

காக்ஸ் டவுனில் கண் டாக்டர் பிரிஜெட் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணிடம் தனியாகவும் பேசினார்.

"கோளாறு ஒண்ணும் இல்லப்பா. இது எச்ஆர் மேட்டர். பேசி நிறுத்தி வெச்சுக்கோ."

போகிறவர்களை எப்படி நிறுத்துவார்கள் என்று ஐ.டி.காரனுக்கா தெரியாது? வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சலுகைகளை அள்ளி வீசினான். போன் இனிமேல் சமையலறையில் தூங்கும். ஞாயிறுதோறும் லால்பாக் பூங்காவில் பச்சை மரங்களைக் காட்டுவான். கண் அசையவில்லை.

"யாரு உன்னக் கெளப்பிவிட்டது?" என்றான் கடைசியில்.

"பிரபாவோட இடது கண்ணு. அவளும் உனக்கு முதுகக் காட்டிட்டு ராத்திரியெல்லாம் போன்தானே? எங்க ரெண்டு பேருக்கும் இந்தக் கண்ணாடியிலதான் பழக்கம். போன மாசமே அதுக்கு லாஸ்ட் டே முடிஞ்சு போயிடுச்சு."

"போயிடுச்சா? அவ சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருப்பா. நீ போன்ல இருந்திருப்ப."

கொஞ்ச நாளாகவே தனக்கு இடப்பக்கமாக அவன் வந்தால் பிரபா அவனைக் கண்டுகொள்வதில்லை. கோபம் போலிருக்கிறது என்று அவனாகவே முடிவுகட்டி, தானாகத் தணியட்டும் என்று போனில் மூழ்கியிருந்தான். இப்போது வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. தன் கண் இருக்கிறதா போகிறதா என்பதே மறந்துவிட்டது.

சமையலறைக்கு ஓடினான். பிரபா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் போய் நின்றான்.

காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கல்லிலிருந்து தலையைத் திருப்பாமலே பிரபா சொன்னாள்:

"பார்சலா? கதவுகிட்டயே வெச்சிட்டுப் போங்கண்ணா."