ஒரு நாள் பிந்தி வந்த குரல்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணி தொடக்கம், மன்னார்த் தீவின் பேசாலையைச் சேர்ந்த நிறஞ்சலாவின் குரல் இருபத்துநான்கு மணித்தியாலம் பிந்தி வரத் தொடங்கியது. அன்று அவள் முன்பள்ளியில் பிள்ளைகளை வட்டமாக இருக்கச் சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுநாள் அதே பத்து மணிக்கு, அவள் தண்ணீர்ப் பானையடியில் நின்றுகொண்டிருக்க, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்திலிருந்து அவளுடைய குரல் எல்லோரையும் வட்டமாக இருக்கச் சொன்னது. பிள்ளைகள் இருந்தார்கள். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் தலையை உடைக்கவில்லை. பெற்றோருக்குத்தான் அது ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்த பாட்டு சனிக்கிழமை பூட்டிய கட்டடத்துக்குள் கேட்கிறது என்று இரண்டு பேர் முறைப்பாடு சொன்னார்கள். முன்பள்ளிக் குழுவினர் வந்து, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும்படி அவளிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் முதல் கிழமை சிரிப்பாகத்தான் இருந்தது. கணவன் பேதுரு கடலில் நிற்கும் நேரத்தில் குசினிக்குள் இருந்து குரல் அவனைச் சாப்பிடக் கூப்பிடும். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் ஜெஸ்லியா, அப்பா இல்லை என்று அந்தக் குரலுக்கே பதில் சொல்வாள். சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேதுருவோடு கோபித்து நாலு சொல் சொன்னாள். பின்னேரமே மனம் ஆறி, அவனுக்குப் பிடித்த திருக்கைக் கறி வைத்துக் கொடுத்தாள். அடுத்த நாள் இருவரும் சந்தோசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் அந்த நாலு சொல்லும் வந்து சேர்ந்தன. பேதுரு கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனான். அவசியமானவற்றை அவள் கொப்பியில் எழுதிக் காட்டினாள். உப்பு முடிந்தது என்று எழுதலாம், மனதில் கிடப்பதை எழுத அவளுக்குக் கை வரவில்லை. மெல்ல மெல்லப் பேச்சை விட்டாள். அவள் பேசாமல் விட்ட நாளிலும் முந்திய நாளின் குரல் வீட்டில் கேட்டது, அதற்கடுத்த நாள்தான் வீடு ஓய்ந்தது. ஆகையால் அவள் எந்த நாளில் பேச்சை நிறுத்தினாள் என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

தொண்டை வைத்தியர் தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். தலையைப் படம் பிடித்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. மடு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள். கடைசியாகப் பார்த்த வைத்தியர் உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். பேதுருவின் அக்கா அருள்நாயகி அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, குமர்ப்பிள்ளை உள்ள வீடு, அங்கே போய்ப் பெயர் பதிந்தால் நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம் பேச ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துண்டு அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் போய்விட்டது. மாரி வந்தது. நிறஞ்சலா நித்திரை இல்லாமல் மெலிந்தாள்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பது மணிபோல, அவள் தனியாகக் கரைக்கு நடந்து போனாள். வள்ளங்கள் கரையேறி, ஆட்கள் மீனோடு போய்விட்டிருந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை இறங்கி, மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக வாய் திறந்து கடலைப் பார்த்துப் பேசினாள். பிறகு பன்னிரண்டு மணிக்கு ஜெஸ்லியாவுக்குச் சோதனை முடியும், வந்தால் பசியோடு வருவாள் என்ற நினைவு வந்து திரும்பி வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். மறுநாள் அதே இடத்துக்கு அருகே கொன்ஸ்ரன்ரைன் என்ற ஐம்பது வயதுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு, ஆளில்லாத தண்ணீருக்கு மேலே இருந்து ஒரு பெண் குரல், "எனக்கு இனி ஏலாது. நான் இல்லாட்டில் ஒருத்தருக்கும் ஒண்டும் குறையாது" என்றது. கொன்ஸ்ரன்ரைன் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நனைந்த காலோடு நிறஞ்சலாவின் வீட்டுக்கு வந்தார். ஊரில் அந்த மாதிரிக் குரல் ஒன்றுதான் இருந்தது.

"தங்கச்சி, நேற்று நீங்கள் சொன்னதை நான் இண்டைக்குக் கேட்டனான்" என்றார். "இண்டைக்கும் அந்த நினைப்பு இருக்கோ?"

அப்படி நேராக அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவள் ஓமென்று தலையசைத்தாள். கொன்ஸ்ரன்ரைன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தனக்கு நடந்ததைச் சொன்னார். இரண்டு வருடமாக விடியும்போது அவருடைய கட்டிலில் ஒரு வாளி மணல் கிடந்ததாம். மனைவி தினமும் கூட்டி அள்ளி முற்றத்தில் கொட்ட, முற்றமே ஒரு முழம் உயர்ந்துவிட்டதாம். இப்போது எப்போதாவது ஒரு பிடி கிடக்கும், தானே தட்டிவிட்டு எழும்பிவிடுவார். தீவுக்குள்ளேயே உள்ள தாராபுரத்தில் ஒரு வீட்டில் புதன்கிழமைகளில் தங்களைப் போன்றவர்கள் கூடுவதாகவும், யாரும் தோண்டிக் கேட்கமாட்டார்கள், வந்து சும்மா இருந்தால் போதும் என்றும் சொன்னார். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் அவர் எழும்பவில்லை. பேதுரு வலை ஏற்றிவிட்டு வரும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தார். பேதுருவை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்தார். அன்று பின்னேரம் பேதுரு தானே அலுமாரியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அந்தத் துண்டைத் தேடி எடுத்தான்.

உளநலப் பிரிவு வைத்தியர் இளம் பெண். அவள் கேட்டதற்கெல்லாம் நிறஞ்சலா வாயசைத்துப் பதில் சொன்னாள். மறுநாள் அந்த நேரத்துக்கு வேறு நோயாளரைப் போடாமல், வைத்தியரும் தாதியும் வெறும் கதிரைக்கு முன்னால் இருந்து பதில்களைக் கேட்டு எழுதினார்கள். குளிசை கொடுத்தார்கள். மூன்றாம் கிழமையில் நித்திரை வந்தது. புதன்கிழமைகளில் தாராபுரத்துக்கும் போகத் தொடங்கினாள். தாராபுரம் வீட்டைத் திறந்து பூட்டுவது ஸீனத் என்ற பெண். ஒரு காலத்தில் அவள் கிட்டப் போனாலே கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும், பதினொரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தவள். இன்று அந்த வீட்டுக் கதவின் திறப்பு அவளுடைய இடுப்பில்தான் தொங்கியது. பெருநிலப்பரப்பில் நெல் விதைத்துவிட்டு வரும் பாலசிங்கம் என்ற கமக்காரருக்கு எந்தத் தெருவும் மேடாகவே இருந்தது. மன்னாரில் மேடே இல்லை என்று அவருக்கும் தெரியும், ஆனாலும் மூச்சிரைக்கத்தான் வருவார். இவர்களுக்கு நடுவில் நிறஞ்சலாவின் குரல் பெரிய அதிசயமாக ஒருவருக்கும் படவில்லை. அவள் புதன்கிழமை பேசினாள். எல்லோரும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு வியாழக்கிழமை பூட்டிய வீட்டுக்குள் ஒலித்து வீணாகிறதே என்று ஸீனத்துக்குத் தோன்றியது. அடுத்த கிழமை தொடக்கம் வியாழனும் வந்து வீட்டைத் திறந்து, வெறும் கதிரைக்கு எதிரே இருந்து, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை கேட்டதை ஸீனத் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுபடி புதன் வந்தபோது நிறஞ்சலாவைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டது தன்னோடேயே இருக்கும் என்றும், வேறு யாராவது கேட்க வேண்டுமென்று அவள் விரும்பினால் மட்டும் அடுத்த நாள் அவர்களுக்கும் கதவைத் திறப்பதாகவும் சொன்னாள். நிறஞ்சலா கொப்பியில் பேதுருவின் பெயரை எழுதினாள். அன்று மறுபடியும் அதையே பேசினாள்.

நல்ல காற்றுக் காலம், மற்ற வள்ளங்களெல்லாம் மீன் நிறையக் கொண்டுவந்த கிழமை அது. பேதுரு வியாழக்கிழமை கடலுக்குப் போகாமல், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் தாராபுரத்துக்கு வந்தான். ஸீனத் அவனுக்குக் கதிரையைக் காட்டிவிட்டு வாசலில் போய் நின்றாள். பத்தரைக்குக் குரல் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில் கலைந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னது. வீட்டில் எல்லோரும் அவளைச் சாப்பிடச் சொன்னார்கள், நித்திரை கொள்ளச் சொன்னார்கள், பிள்ளை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லையாம். "நான் அவனுக்கு ஜெனோஜன் எண்டு பேர் வைச்சனான். உங்களுக்குச் சொல்லேலாமப் போச்சு" என்றது. பேதுரு கையைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தான். குரல் ஓய்ந்ததும் நிமிர்ந்து, வெறும் கதிரையைப் பார்த்து, "நானும் அந்தப் பேரைத்தான் நினைச்சு வைச்சிருந்தனான்" என்றான். பிறகு வீட்டுக்கு வந்து அதையே நிறஞ்சலாவின் முகத்துக்கு முன்னால் இன்னொரு முறை சொன்னான். அவள் அவனுடைய சேட்டில் முகத்தை வைத்து அழுதாள். அந்த அழுகைச் சத்தம் மறுநாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. பேதுரு அந்த இடத்தில் போய் நின்று அதையும் கேட்டான்.

அவளுடைய குரல் திருந்தவில்லை. திருந்த வேண்டுமென்று பிறகு யாரும் நேர்த்தி வைக்கவும் இல்லை. முன்பள்ளிக் குழு அவளைத் திரும்பக் கூப்பிட்டது. செவ்வாய்ப் பாடத்தை அவள் திங்கட்கிழமையே படிப்பித்து வைப்பாள், திங்கட்பாடத்துக்காக ஞாயிறு பூசை முடிந்து போய் வெறும் வகுப்பில் பாடிவிட்டு வருவாள். சுகமில்லாத நாளில்கூடப் பாடம் தவறாத ஆசிரியை மாவட்டத்திலேயே அவள் ஒருத்திதான் என்று பெற்றோர் சொல்லிக்கொண்டார்கள். அருள்நாயகி தன் முழங்கால் வருத்தத்தோடு சேர்த்து மனவருத்தத்தையும் சொல்ல ஒரு புதன்கிழமை தாராபுரத்துக்கு வந்து போனாள். நிறஞ்சலா ஸீனத்தோடு ஆறு மாதம் பயிற்சி எடுத்து, மற்ற ஊர்களுக்கும் போகத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை, வெள்ளாங்குளத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் பதினொரு பேர் வந்திருந்து அவளுடைய வாயசைவைப் பார்த்தார்கள். நடுவில் ஐந்து நிமிடம் அவள் வாயை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தது அவர்களுக்கு விளங்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஸீனத் மண்டபத்தைத் திறந்தபோது முப்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இந்திராதேவி, ஆறு மாதமாகக் கிணற்றடிக்கு அப்பால் போகாதவள். எல்லோருடைய கண்ணும் வெறும் கதிரையில்தான் இருக்கும், தன்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் வந்து கடைசி வாங்கில் இருந்தாள். குரல் தன் கதையைச் சொன்னது. பிறகு, உங்களுக்கு எப்படி என்று கேட்டுவிட்டு நின்றது. நேற்று அவள் பேசாமல் விட்ட அந்த ஐந்து நிமிடம் இப்போது வந்து, திறந்தபடி மண்டபத்தில் நின்றது. மூன்று நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு இந்திராதேவி கதிரையைப் பார்த்து, "எனக்கும் நித்திரை இல்லை. காலமை எழும்ப மனம் வருகுதில்லை" என்றாள். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு அருகில் இருந்தாள்.

ஐந்து நிமிடம் முடிந்ததும் கதிரையிலிருந்து குரல், வாற சனிக்கிழமையும் வாறன் என்றது.

"ஓம், வாங்கோ" என்றாள் இந்திராதேவி.