சப்பான் கன்னிமார் கொடுத்த வாக்கு

மயில்சாமி பூக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. மனைவி இறந்த இந்த ஆறு வருஷத்தில் அந்த வழக்கம் முற்றிப்போயிருந்தது. கிணற்றை ஆழப்படுத்தலாமா, மயிலைக் காளையை விற்கலாமா, ஆடிக்கொண்டிருக்கும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா, எல்லாவற்றுக்கும் தோட்டத்து வேம்படியில் இருந்த கன்னிமார் கற்களிடம்தான் போவார். ஏழு கற்களில் நடுக்கல்லின் தலையில் ஒரு செவ்வரளிப் பூவை வைத்துவிட்டுக் கைகூப்பி நிற்பார். சாமியின் வலக்கைப் பக்கம் பூ விழுந்தால் சரி. இடக்கைப் பக்கம் விழுந்தால் கூடாது. விழாமல் அப்படியே இருந்தால் சாமி இன்னும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். பல் விஷயத்தில் சாமி மூன்று தரமும் வாய் திறக்கவில்லை. நான்காவது தரம் போவதற்குள் பல் தானாகவே விழுந்தது. அதை அவர் வலப்பக்கம் பார்த்துத் துப்பினார் என்பது ஊர்ப் பேச்சு.

அவருடைய ஒரே மகள் சௌந்திரம். இருபத்தேழு வயது, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க ஜீப்பில் படம் காட்டும் மிஷினோடு வருகிற தங்கசாமியை அவள் கட்டிக்கொள்ள விரும்பினாள். குலமும் முறையும் பொருந்தி வந்தன. தங்கசாமிக்கு சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. மயில்சாமியும் மறுப்புச் சொல்லவில்லை.

"நல்ல பையந்தான் அம்மிணி. சாமி சொல்லட்டும்" என்றார்.

இரண்டு தரம் கேட்டாயிற்று. இரண்டு தரமும் அவர் தனியாகப் போய், விரல் நுனியில் காய்ந்த சந்தனத்தோடு திரும்பி வந்து, "பூ அசையவே இல்ல" என்றார். கல்யாண விஷயத்தில் மூன்று தரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. மூன்றாவது தரம் வருகிற வெள்ளிக்கிழமை. அன்றும் பூ விழாவிட்டால் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான்.

சௌந்திரம் அழவில்லை, வாதாடவும் இல்லை. அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு எழக்கூடியவர்கள். அந்த மௌனம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது மட்டும் அது தட்டில் கிடக்கும் கல்லைப் போலப் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வருஷத்தைக் குழந்தைகள் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு ஜப்பான் படம் போடுவதாக ஏற்பாடு. நடிகர்கள் இல்லை, எல்லாம் வரைந்த பொம்மைகள். பேச்சு ஜப்பான் பாஷை, அடியில் இங்கிலீஷ் எழுத்து. தலைமையாசிரியை நல்லம்மாள் மைக்கைச் சௌந்திரத்தின் கையில் கொடுத்து, "எழுத்தப் படிச்சுப் படிச்சுத் தமிழ்ல சொல்லு" என்று உத்தரவிட்டுவிட்டார்.

தங்கசாமி பிலிமை மாட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்: "மோகனூர்ல போட்டப்ப ஒரு வாத்தியார் பாதியில அழுதுட்டு மைக்க வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"நான் அழ மாட்டனுங்க."

"சரிங்க. வெள்ளிக்கிழமைக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்குங்க."

இரண்டு கம்பத்துக்கு நடுவில் வேட்டித் துணியைப் போல வெள்ளைத் திரை. முன்பக்கம் பிள்ளைகளும் ஆண்களும். தரை சுத்தமாக இருந்ததால் பெண்கள் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். மெல்லிய துணிதான், இரண்டு பக்கமும் படம் தெரியும்; பின்பக்கம் மட்டும் இடம் வலம் மாறியிருக்கும். மயில்சாமி முன்பக்கம் முதல் வரிசை. அவருடைய அக்கா பாப்பாயி பின்பக்கம் முதல் வரிசை.

படம் ஆரம்பித்தது. பனி மூடிய மலைப்பாதை. ஓரத்தில் வரிசையாக ஐந்து கற்சாமிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி.

"நம்ம கன்னிமாராட்டவே இருக்குது" என்று பின்பக்கம் ஒரு குரல்.

"ஏழுக்கு அஞ்சுதான இருக்குது."

"ரெண்டு பேரு குளிக்கப் போயிருப்பாங்க. நீ படத்தப் பாரு" என்றாள் பாப்பாயி.

படத்தில் ஒரு சின்னப் பெண். அம்மா செத்துப்போயிருக்கிறாள். ஆள் பார்க்காதபோது அந்தக் கற்சாமிகள் எழுந்து நடக்கும், செத்தவர்களைக் கைப்பிடித்து மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும். ஆனால் தலையில் பூ இருக்கும்வரை கல் அசையாது. பூ விழுந்தால்தான் புறப்படும். அந்தப் பெண் ஒரு சிவப்புப் பூவை நடுக்கல்லின் தலையில் வைத்துவிட்டுத் தினமும் வந்து பார்க்கிறாள். பூ வாடவும் இல்லை, விழவும் இல்லை. அதனால் அம்மா இன்னும் மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று அவளுக்கு நிம்மதி.

எழுத்து வேகவேகமாக ஓடியது. பாதியைப் படித்தும் பாதியை ஊகித்தும் சௌந்திரம் சொல்லிக்கொண்டே போனாள். புளியமரத்தில் கட்டிய குழாய் அவள் குரலைப் பக்கத்து ஊர்வரை கொண்டுபோனது. பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் அழுதுகொண்டே கல்லுக்குப் பின்னால் போனாள், உடனே திரும்பி வந்தாள். அங்கே என்ன செய்தாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பூ இலேசாக ஆடியது.

டீக்கடை சின்னண்ணன் சும்மா இருப்பானா? "மயிலு மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குங்க? இங்கயே கேட்டுப்போடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. கல் தலையில் பூவைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டிருந்தன.

பூ விழுந்தது.

"வலது" என்று முன்பக்கம் மொத்தமும் எழுந்தது. "சாமிக்கு வலக்கைப் பக்கம். வாக்குக் குடுத்திருச்சு."

"எடது" என்று பின்பக்கம் மொத்தமும் எழுந்தது. "எங்களுக்குக் கண்ணு இல்லியா?"

"மயிலு, நீ கேட்டியா?" பின்பக்கத்திலிருந்து பாப்பாயியின் குரல்.

"கேட்டுப்போட்டேன் அக்கா" என்றார் மயில்சாமி. பொய் சொல்லத் தெரியாத குரல். "மனசுக்குள்ள கேட்டேன்."

அப்புறம் படத்தை யார் பார்த்தார்கள்? பாப்பாயி சேலையைச் செருகிக்கொண்டு திரையைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். அவளுக்குப் பின்னால் பின்பக்கம் முழுவதும் வந்தது. இடம் போதாமல் முன்பக்கத்தில் பாதிப்பேர் பின்பக்கம் போனார்கள். சப்பான் சாமிக்கு நம்மூர் நியாயம் செல்லுமா என்று ஒரு கட்சி, கல்லுக்கு ஏது ஊர் என்று ஒரு கட்சி. தங்கசாமி மிஷினை நிறுத்திவிட்டான்.

"மிஷினே மாப்பிள்ளை கையிலதான இருக்குது" என்றான் சின்னண்ணன். "பூவ எந்தப் பக்கம் வேணும்னாலும் தள்ளுவாரு."

"நான் படத்த ஓட்டறவனுங்க. வரைஞ்சவன் இல்லீங்க" என்றான் தங்கசாமி. அவன் காது சிவந்திருந்தது.

சௌந்திரம் கையில் மைக்கோடு நின்றாள். தன் வாழ்க்கையை இடதா வலதா என்று முந்நூறு பேர் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. அழுகைக்கு வைத்திருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டது.

பாப்பாயி முடிவு சொன்னாள்: "இன்னொருக்காப் போடு. நான் இந்தப் பக்கம் நின்னு பாக்கறேன்."

"பின்னால சுத்தித்தான் போடோணுங்க. மிஷின் வெளக்க அமத்திப்போட்டு..."

"அமத்தப்படாது. இருட்டுல என்னத்தையாச்சும் மாத்திப்போடுவ. எல்லாரும் பாக்கற மாதிரியே சுத்து."

தங்கசாமி விளக்கை அணைக்காமல் படத்தைப் பின்னோக்கி ஓட விட்டான்.

பனியில் கிடந்த சிவப்புப் பூ மெல்ல எழுந்து, காற்றில் ஏறி, கல்லின் தலையில் போய் உட்கார்ந்தது. மைதானத்தில் சத்தம் அப்படியே அறுந்தது. சின்னப் பெண் பின்னோக்கி நடந்தாள். கன்னத்தில் இருந்த கண்ணீர் ஒவ்வொரு சொட்டாக மேலேறிக் கண்ணுக்குள் போனது. அவள் கல்லுக்குப் பின்னால் குனிந்தாள். முன்னால் ஓடியபோது யாரும் கவனிக்காதது இப்போது தெரிந்தது. அவள் கையில் ஒரு நூல். அவிழ்ந்து கிடந்த அந்த நூல் பூவின் காம்பைச் சுற்றிச் சுற்றித் தானாக முடிந்துகொண்டது.

"அட" என்றாள் பாப்பாயி மெதுவாக. "கட்டி வெச்சிருக்குது புள்ள. கட்டி வெச்சா எப்படி உழுகும்?"

மிஷின் மட்டும் கடகடத்தது. சௌந்திரம் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். அந்தக் காய்ந்த சந்தனம் அவள் ஞாபகத்துக்கு வந்தது. கேட்க வேண்டுமென்று தோன்றவில்லை. தெரிந்துவிட்டது.

மயில்சாமி எழுந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி மகளிடம் வந்தார். அவள் காதோரம் குனிந்து, ஒரு ஈயின் காதுக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"நானும் சந்தனம் வெச்சுத்தான் பூவ ஒட்டுனேன் அம்மிணி. ரெண்டு தரமும். நீ போயிட்டா ஊட்டுல பேசாம இருக்கறதுக்குக்கூட ஆளில்ல."

மைக் அவள் கையில்தான் இருந்தது. அதை யாரும் அணைக்கவில்லை. புளியமரத்துக் குழாய் அந்த ரகசியத்தை எழுத்து எழுத்தாக ஊருக்கும், அடுத்த ஊருக்கும், ஏரிக்கரையில் மாடு பிடித்துப் போகிறவர்களுக்கும் எடுத்துச் சொன்னது.



"மாமா" என்றான் சின்னண்ணன், மிகவும் மரியாதையாக. "பல்லுக்கும் சந்தனந்தானுங்களா?"

மைதானம் வெடித்தது. பிள்ளைகள் மண்ணில் புரண்டார்கள். நல்லம்மாள் டீச்சர் முகத்தை வருகைப் பதிவேட்டால் மூடிக்கொண்டார். மயில்சாமி விழித்தார், குழாயைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பை ஊர் ஆறு வருஷமாகப் பார்த்ததில்லை; இப்போது அதில் கடைவாய்ப் பல் இல்லை.

"பல்லுக்கு மட்டும் பயந்துக்கிட்டு" என்றார்.

"அஸ்தம்பட்டி என்ன சப்பானாடா?" பாப்பாயி தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "ரெண்டு பஸ்ஸு. ஞாயித்துக்கெழமை போயி அவகூடப் பேசாம உக்காந்துட்டு வா."

மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி மிஷினைப் பார்த்தார்.

"ஓட்டுங்க மாப்ளை. மிச்சத்தையும் பாத்துப்போடுவோம்."

மாப்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் தங்கசாமி மிஷினைத் திருப்ப மறந்தான். படம் இன்னும் பின்னால் ஓடிப்போய், செத்த அம்மாவே உயிரோடு வந்து சோறு போட ஆரம்பித்துவிட்டாள். "வேண்டாம் வேண்டாம், அவள உடு" என்று ஊரே கத்திய பிறகுதான் அவன் சரியான பக்கம் திருப்பினான்.

இந்த முறை எல்லோரும் நூலைத்தான் பார்த்தார்கள். சின்ன விரல்கள் முடிச்சை அவிழ்த்தன. பூ விழுந்தது. எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கல் ஒரு பெருமூச்சு விட்டது. தோளில் இருந்த பனியை உதறிவிட்டு எழுந்து, பக்கத்தில் தெரிந்தும் தெரியாமலும் நின்ற ஒரு பெண் உருவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அடியில் எழுத்து வந்தது. சௌந்திரம் படித்தாள். அழ மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து, அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

"மெதுவாப் போம்மா" என்றாள் மைக்கில். "நான் இங்க நல்லாத்தான் இருப்பேன்."

முதல் வரிசையில் அப்பா தலையை ஆட்டினார், தன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல.

கல்லும் உருவமும் மலையேறிச் சின்னதாகிக்கொண்டே போயின. பின்பக்கத்திலிருந்து ஒரு கிழவர் சந்தேகம் கேட்டார்: "ஏனுங்க, அது எந்தப் பக்கமாப் போகுது?"

"இன்னும் என்ன கேள்வி?" என்றாள் பாப்பாயி. "அஸ்தம்பட்டிப் பக்கந்தான்."