நூறால் வகுத்த யானைகள்

மெல்போர்னில் வளர்ந்த மருமகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அபூசாலி எதையும் நூறால் வகுத்துத்தான் கேட்டார்.

வேறு வழியில்லை. நப்லா தங்கமான பிள்ளை. தமிழும் அசல் கல்முனைத் தமிழ்தான். ஆனால் அளவு என்று வந்துவிட்டால் நாக்கு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். இரண்டு கரண்டி புரியாணி தின்றுவிட்டு டன் கணக்கில் சாப்பிட்டதாக வயிற்றைத் தடவுவாள். வங்கியில் நாலு பேரும் தூங்கும் காவற்காரனும் நின்ற வரிசை அவள் வாயில் மில்லியன் சனமாகிவிட்டது. ஒரு நுளம்பு கடித்தால் ‘ஹண்ட்ரட்ஸ்’. வந்த முதல் வாரம், தன்னிடம் ‘ஹீப்ஸ்’, குவியல் குவியலாய்ச் சப்பாத்து இருக்கிறது, வைக்க இடமில்லை என்று அவள் கவலைப்பட, அபூசாலி தச்சனைக் கூட்டி வந்து அரபிக் குதிரைப் படை ஒன்றுக்கே போதுமான அலுமாரி ஒன்றை அடிப்பித்தார். பெட்டியைத் திறந்தால் மூன்று சோடி. அந்த அலுமாரியில் இப்போது அவர் மனைவி றுகையா தேங்காய் அடுக்குகிறாள்.

அபூசாலி அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மொழிபெயர்த்த கடிதங்களை ஒட்டி விரித்தால் கல்முனையிலிருந்து கொழும்புக்குக் கால் நோகாமல் நடக்கலாம். ஆகவே மனைவிக்கு விளக்கம் சொல்லும் உரிமை தனக்கே என்று நினைத்தார்.

“இங்கிலீசுக்காரன் எண்ணிப் பாத்து எண் சொல்றல்ல, றுகையா. மனசு நிறைஞ்சா மில்லியன், பயந்தா ஹண்ட்ரட்ஸ். நூறால பிரிச்சிக் கேட்டாச் சரி.”

“எங்கட வயல் வட்டையில மறுபக்கம்,” என்றாள் றுகையா. “அதையும் ஞாபகம் வெச்சிக்கங்க.”

றுகையா இறக்காமத்துக்காரி. குளத்துக்குக் கீழே இருக்கும் வயல் அவளுடைய சீதனம். அந்த வட்டையில் கதிர் முற்றிவிட்டால் யாரும் யானை என்று வாயால் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். எத்தனை என்பதையும் சொல்லமாட்டார்கள். உள்ளபடி தொகையைச் சொன்னால், காட்டில் மிச்சமிருப்பவர்களுக்கும் அது அழைப்பு என்பது அங்குள்ள நம்பிக்கை. காடே எழுந்து வந்து நின்றாலும் ‘ஒருத்தர்’ என்பதோடு கதை முடியும். கல்முனை டவுனில் பிறந்த அபூசாலி இதைக் கேட்டு முதன்முதலாகச் சிரித்தபோது கட்டுப்பல் கழன்று தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

இந்த முறை அறுவடைக்கு எல்லோரும் இறக்காமத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகன் இன்பாஸ் வெட்டு மெசின் கொண்டுவரப் போகும் வழியில், பறவைகளைப் படம் பிடிக்க ஆசைப்பட்ட நப்லாவைக் குளக்கட்டுக்கு அப்பால், மருதமரத்துப் பரணில் ஏற்றிவிட்டுப் போனான். வெயில் சாய முன்னர் வந்து கூட்டிப் போவதாகச் சொன்னான். மெசின்காரன் நேரத்தைச் சுணக்கிவிட்டான்.

அபூசாலி பின்னேர அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்து வாங்கில் குந்தியதும் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது.

“மாமா, எலிஃபன்ட்ஸ். ஹண்ட்ரட்ஸ். ஹீப்ஸ் மாமா, எல்லாப் பக்கமும். பரண் ஆடுது.”

அவர் வழமை போல் வகுத்தார். விடை ஒன்று வந்தது. அந்த ஒன்றையும் அவருக்குத் தெரியும். பின்னேரத்தில் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் நொண்டிக் கிழவர். ஓட்டோ ஹோர்ன் அடித்தாலே வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார். ஆனால் ‘பரண் ஆடுது’ என்பதை எதால் வகுப்பது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மெல்போர்னிலிருந்து சம்பந்தி எடுத்துச் சொல்வது ஒரே வார்த்தை: என்ட ஒரே பிள்ள, உங்கட கையில அமானிதம். நம்பி ஒப்படைத்த அந்த அமானிதம் இப்போது நாலு கம்பின் மேல் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

இன்பாஸ் வரும்வரை பார்க்கலாம் என்று றுகையா சொல்லிப் பார்த்தாள். இருட்டினால் வழியே இருக்காது என்று அவர் ஓட்டோவை எடுத்தார். அப்படியென்றால் முனாஸிடம் கேட்டுவிட்டுப் போகும்படி அவள் பின்னால் கத்தினாள். றுகையா கத்தினால் ஒலிபெருக்கி இல்லாமலே நிந்தவூரில் கேட்கும், அவருக்கும் கேட்டது.

முனாஸ் குளத்து மதகடியில் காவலிருப்பவன். வழக்கமாகக் கீழே கல்லில் குந்தியிருப்பவன் அன்று மதகுச் சக்கரத்தின் மேலே, கால்களை இழுத்து மடக்கிக்கொண்டு இருந்தான். விரலிடுக்கில் பீடி அணைந்துபோயிருந்தது.

“எத்தின பேர், முனாஸ்?”

முனாஸ் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். “ஒருத்தர்தான், காக்கா.” பிறகு, இன்னும் மெதுவாக, “அவசரமில்லாட்டி இஞ்சயே நில்லுங்க,” என்றான்.

அபூசாலிக்கு உள்ளம் குளிர்ந்தது. உத்தியோக காலம் முழுவதும் ஆங்கிலப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் இப்படி அச்சொட்டாகப் பொருந்தி அவர் கண்டதில்லை. அங்கே நூறால் வகுத்தால் ஒன்று; இங்கே வகுக்காமலே ஒன்று. மனைவி சொன்ன மறுபக்கம் அந்தச் சந்தோசத்தில் அடிபட்டுப் போய்விட்டது. முனாஸின் கால்கள் ஏன் நிலத்தில் இல்லை என்றும் அவர் யோசிக்கவில்லை.

குளக்கட்டு ஒரு ஓட்டோ அகலம். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் சரிவும் பற்றையும், அதற்குக் கீழே விளைந்த வெள்ளாமை. பாதித் தூரம் போனபோதுதான் ஒரு கொக்குகூட இல்லை என்பது உறைத்தது. அடுத்து மணம் வந்தது. சேறும் சாணமும் நசுங்கிய பச்சை இலையும் கலந்த, தொண்டையில் ஒட்டுகிற மணம். தண்ணீரோரம் வரிசையாகக் கிடந்த கருங்கற்களைப் பார்த்தார். அந்த இடத்தில் கற்கள் இருந்ததாக ஞாபகமில்லை. ஒரு கல் காதை ஆட்டியது.

அபூசாலி எஞ்சினை நிறுத்தினார். அவர் நிறுத்தினாரா, அது பயத்தில் தானாக நின்றதா என்பது இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது.

குளம் எழுந்து நடந்து வருவதுபோல் அவை கட்டின்மேல் ஏறின. ஓட்டோவுக்கு முன்னால் ஏறின, பின்னால் ஏறின. நொண்டிக் கிழவர் அதற்குள் இருந்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தும்பிக்கை முன்கண்ணாடியை முகர்ந்து, சூடான மூச்சால் அதை வெள்ளையாக்கிவிட்டுப் போனது. ஒரு குட்டி பின்சில்லில் முதுகைத் தேய்க்க, ஓட்டோ தொட்டிலாய் ஆடியது. பெரிய வயிறுகளுக்குள் எழும்பிய உறுமல் காதுக்கு வரவில்லை. இருக்கை வழியாக நேரே முள்ளந்தண்டுக்கு ஏறியது. பால்குடிப் பருவத்திலிருந்து காவலுக்கு ஓதிவந்த ஆயத்துல் குர்ஸி பாதியில் நின்று, மற்றப் பாதி எங்கே என்று தெரியாமல் தவித்தது. ஹோர்னில் வைத்த கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

அப்போது கைப்பேசி மார்பில் அதிர்ந்தது. தொழுகைக்காகச் சத்தத்தை நிறுத்தியவர் திரும்பப் போட மறந்திருந்தார். அந்த மறதிக்கு எத்தனை ஹஜ் செய்தாலும் தகும். மற்றக் கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

“மாமா, கதைக்காதீங்க,” என்று நப்லா மூச்சாகச் சொன்னாள். “எனக்கு மேலிருந்து தெரியிது. நான் எண்ணுறன். நீங்க இருங்க.”

அவர் இருந்தார். காதுக்குள் பிள்ளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின. வயலுக்குள் கதிர்கள் முறியும் ஓசை மழைபோல் தொடங்கியது. ஒரு வருடத்து வெள்ளாமை போகிறது என்று அவருக்குத் தெரிந்தது; அதற்காகக் கவலைப்பட உடம்பில் இடம் மிச்சமில்லை.

பிறகு எண்ணுவது நின்றது. முன்னால் கட்டு வெறுமையாகக் கிடந்தது. பக்கக் கண்ணாடியில் சிவந்த வானம் மட்டும். அந்தச் சின்ன ஓட்டோவை விட்டு இறங்கி மதகை நோக்கி ஓடிவிட வேண்டும் என்று அவருடைய கால்கள் துடித்தன.

“மாமா, இன்னும் ஒண்டு.”

பழக்கம் பொல்லாதது. அந்த நிலையிலும் மனம் வகுத்துவிட்டது. ஒன்றை நூறால் வகுத்தால் ஒன்றுமில்லை. வலது கால் ஏற்கெனவே வெளியே தொங்கியது. செருப்பு மண்ணைத் தொட்டுவிட்டது. ஆனால் அந்தக் குரலில் ஹீப்ஸ் இல்லை, மில்லியன் இல்லை. ஊதிப் பெருக்கிப் பேசுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை வெறும் எண்ணைச் சொன்னாள். அபூசாலி காலை உள்ளே இழுத்தார். செருப்பு வெளியே தங்கிவிட்டது.

பக்கக் கண்ணாடியில் வானம் மறைந்தது.

பின்னால் ஏதோ ஓட்டோவின் மேல் நெற்றியை வைத்தது. தகரம் முனகியது. ஓட்டோ முன்னே நகர்ந்து, மெல்லத் திரும்பி, தண்ணீர்ப் பக்கம் சரிந்தது. முன்சில்லு ஒரு கல்லில் முட்டி நின்றது. அவர் கண்ணை மூடி, சம்பந்தியின் முகத்தை நினைத்தார். காதுக்குள் நப்லா அழுகிறாளா மூச்சு விடுகிறாளா என்று பிரித்தறிய முடியவில்லை. வெளியே செருப்பு இழுபடும் ஓசை கேட்டது. அப்புறம் பற்றை விலகியது, சரிவில் மண் உதிர்ந்தது.

“போய்ட்டு,” என்றாள் நப்லா. அவர் உடனே அசையவில்லை. அவள் இரண்டாம் முறையும் சொன்ன பிறகே சாவியைத் தொட்டார்.

பரணடியில் நிறுத்தியதும் அவள் வழுக்கி இறங்கி ஓட்டோவுக்குள் ஏறி, அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் போடாமல், மஃரிபு மங்கலில், வயலைத் திரும்பிப் பாராமல் வந்தார்கள். மதகைக் கடந்தபோது முனாஸ் சக்கரத்தின் மேலேயே இருந்தான்.

றுகையா வாசல் படலையைத் திறந்தபடி நின்றாள். ஒற்றைச் செருப்போடு இறங்கிய புருசனையும், அவர் சட்டையை விடாமல் நிற்கும் மருமகளையும் பார்த்தாள். வயல் பக்கமிருந்து கதிர் முறியும் ஓசை வந்துகொண்டிருந்தது. முன்னைவிடக் கிட்டத்தில்.

“எத்தின பேர், மகள்?”

நப்லா வாயைத் திறந்தாள். அவள் வயல் பக்கம் ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

“ஒருத்தர்தான், மாமி.”

“ஓம்,” என்றார் அபூசாலி. “ஒருத்தர்தான்.”

றுகையா படலையைச் சாத்தினாள். ஆட்டுக்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே இழுத்து விட்டாள். மேற்குப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, அபூசாலி தொலைத்த ஆயத்துல் குர்ஸியை முதலிலிருந்து, வாய்க்குள்ளேயே ஓதத் தொடங்கினாள்.