தீர்த்தகிரிக்குப் படித்துக்காட்ட

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. போன மாதம் என் மச்சான் தீர்த்தகிரி இரண்டு மலை தாண்டி நடந்து வந்து, வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "மாப்ள, நீதான் அதும் இதும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பறியே. எந்தங்கச்சியப் பத்தி ஒண்ணு எழுதேன்" என்றார்.

"இன்னா எழுதறது மச்சான்?"

"நடந்ததத்தான். பின்ன, பொய்யா எழுதப் போற?"

அவர் தங்கை பாஞ்சாலை என் மனைவி. எழுபத்தொன்பது மார்கழியில் இறந்துபோனாள்.

தீர்த்தகிரிக்கு எழுத்து தெரியாது. இது அச்சானால் யாராவது அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருக்கலாம். அதனால் உங்களிடம் இப்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாஞ்சாலையைப் பட்டினி போட்டதால்தான் அவள் செத்தாள் என்று அவர் ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். அவரும் நம்புகிறார். நம்பிக்கொண்டே என்னை மன்னித்தும் விட்டார். பலா பழுக்கும் காலத்தில் வருடம் தவறாமல் ஒரு பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகிறார்.

நடந்தது வேறு. அதை எழுதினால் என்மேல் இருக்கும் பழி போகும். போகிற பழி அவர் தலையில் போய் இறங்கும். அவரோ நடந்ததைத்தான் எழுதச் சொல்கிறார்.

2

ஜவ்வாது மலையில் பனி இறங்கத் தொடங்கும்போது சாமைக் கதிர்கள்

[அடித்துவிட்டேன். பனியும் சாமையும் முடிந்து பாஞ்சாலை வருவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.]

பாஞ்சாலையைப் போன்ற பொறுமைசாலியை

[இதையும். அவள் பொறுமைசாலி இல்லை. இதைக் கேட்டால் சிரிப்பாள்.]

கல்யாணமான நாலாம் வருடம் பாஞ்சாலை பருக்கத் தொடங்கினாள்.

இந்த வரி இருக்கட்டும். முதலில் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு இல்லை என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் கவலைப்படவில்லை. மழை பொய்த்த வருடங்களில் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்ற ஊர் எங்களுடையது. பெண்டாட்டி பருத்தால் அது புருஷனுக்குப் பெருமை. "கோபால்சாமி வூட்டுல பானை காயறதே இல்ல" என்றார்கள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் புளியும் கடுக்காயும் எடை போடுகிறவன், மாதச் சம்பளக்காரன். அந்தப் பேச்சு எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் அவள் சாப்பிட்டதோ முன்பைவிடக் குறைவு. சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்று கம்பளிக்குள் சுருண்டுகொள்வாள். குரல் ஆண்குரல் போல் கரகரத்தது. புருவத்தின் ஓரங்கள் உதிர்ந்துபோயின. ஒருநாள் களி கிண்டிக்கொண்டிருந்தவள், துடுப்பைப் பிடித்தபடியே அடுப்பின் முன் உட்கார்ந்து தூங்கிப்போனாள். களி அடிபிடித்த நாற்றத்தில்தான் நான் உள்ளே ஓடினேன். எழுப்பியபோது, ஒரு கிணற்றின் அடியிலிருந்து ஏறி வருகிறவள் போல் மெதுவாகக் கண்ணைத் திறந்து, "யாரு?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் கீழே போனோம்.

3

புதூர்நாடு வரை நடந்து, அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்து, கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அவள் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை. கழுத்தைத் தடவினார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கும்மா. உனக்கு அது வேலை செய்யறத நிறுத்திடுச்சு. அதனால ஒடம்பு எதையும் செலவழிக்காம சேத்து வெச்சுக்குது."

"அப்ப நான் சிக்கனக்காரின்னு சொல்லுங்க" என்றாள் பாஞ்சாலை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "மாத்திரை தர்றேன். விடிஞ்சதும் வெறும் வயித்துல ஒண்ணு. உயிர் இருக்கற வரைக்கும் போடணும்."

"நிறுத்திட்டா?"

"நிறுத்தினா இந்தத் தூக்கத்திலேயே போயிடுவாங்க. குளிர் காலத்துல ரொம்ப ஜாக்கிரதை."

களியைக் குறைக்கச் சொன்னார். பலாவும் தேனும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மாதம் ஒருமுறை எடை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்.

மலையில் மனுஷரை நிறுக்கும் மெஷின் ஏது? சங்கத்தில் ஆள் ஓய்ந்த பிறகு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அவளை ஏற்றினேன். ஏறி நின்றுகொண்டு கேட்டாள்:

"இன்னான்னு எழுதுவ? கொட்டையோட புளியா, கொட்ட எடுத்த புளியா?"

"பேசாம நில்லு. முள்ளு ஆடுது."

"ஆடட்டும். வெலைய மட்டும் கொறைக்காத."

[ஒரு குறிப்பு. இந்தப் பகுதியில் நான் செய்தவை என்று ஒரு பெரிய பத்தி எழுதி, பிறகு கிழித்துவிட்டேன். சமைத்ததும், அவள் சாப்பிட்டதையே நானும் சாப்பிட்டதும், தினமும் விடியலில் தண்ணீர்ச் சொம்போடு போய் எழுப்பியதும் பெரிய காரியங்கள் இல்லை. கொள்ளு ரசமும் கீரையும் ஒரு கை சாமைச்சோறும் இரண்டு தட்டிலும் ஒரே அளவு. "நீ இன்னாத்துக்குய்யா எளைக்கற? ரெண்டு பேரும் ஓணானாட்டம் நின்னா ஊரு இன்னா சொல்லும்?" என்று திட்டுவாள்.]

மாத்திரை வேலை செய்தது. முகத்தின் வீக்கம் வடிந்து, பழைய முகவாய் வெளியே வந்தது. குரல் திரும்பியது. ஒருநாள் காலையில், சுனையிலிருந்து குடத்தோடு ஏறி வந்து, விறகு நனைந்ததற்காக என்னோடு ஒரு பெரிய சண்டை போட்டாள். ரொம்ப நாளாக அவளுக்குச் சண்டை போடும் தெம்பே இருக்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே நின்றேன். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

4

தீர்த்தகிரி அந்த ஆடியில் வந்தார். அவரை வில்லனாக வைத்து இந்தப் பகுதியை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பெரிய மீசை, சிவந்த கண், கையில் கொடுவாள். அந்த ஆள் தீர்த்தகிரி இல்லை. அப்பா அம்மா போன பின் தங்கையை வளர்த்தவர் அவர். பஞ்சத்தில் தன் பங்குக் கூழை அவளுக்கு ஊற்றிவிட்டு, பக்குவம் பார்க்காமல் கிழங்கைத் தின்று வாந்தி எடுத்துச் சாகக் கிடந்தவர். இதை அவர் சொல்லவில்லை. பாஞ்சாலை சொன்னாள். அப்படிப்பட்டவர் வாசலில் நின்று தங்கையைப் பார்த்தார்.

"இன்னாடி இது? கன்னமெல்லாம் எங்க போச்சு?"

"கீழ ஆஸ்பத்திரில கழட்டி வெச்சுட்டு வந்துட்டேண்ணா."

அவர் சிரிக்கவில்லை. நேராக உள்ளே போய்ப் பானை மூடியைத் தூக்கினார். அடியில் கொஞ்சம் சாமைச்சோறு. அவ்வளவுதான். மூடியை மறுபடி வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

ஊர்க்கவுண்டர் சடையன் முன்னால் கூடினார்கள்.

"பொண்ணுக்கு வவுறு நெறைய போடறியாப்பா?"

"டாக்டரம்மா கொறைக்கச் சொல்லியிருக்காங்க. அவளுக்கு நோவு இருக்குங்க."

"சோறு போடாதன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா?" என்றான் கூட்டத்தில் ஒருவன். "அந்த வைத்தியம் நமக்கு மழ பேயாத வருசமெல்லாம் சும்மாவே நடக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். சுரப்பி, ரத்தம் என்று நான் சொன்னது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. பாஞ்சாலை எழுந்து, "நான் நல்லா இருக்கேன். எனக்குப் பசி இல்ல" என்றாள். புருஷனைக் காப்பாற்றப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். பசி இல்லை என்று ஒரு பெண் சொல்வதன் அர்த்தம் அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

பெண் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். உடம்பு தேறியதும் ஆள் அனுப்புவார்கள். அதுவரை நான் அந்தப் பக்கம் வரக்கூடாது. இதுதான் முடிவு.

"அண்ணன் மூஞ்சிக்காகப் போய்ட்டு வர்றேன்யா. மாத்திரைய முந்தானையில முடிஞ்சிக்கிட்டேன்" என்றாள்.

அன்றைக்கு நான் மட்டும் வழியை மறித்து

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.]

5

இந்தப் பகுதி நான் பார்த்ததில்லை. தீர்த்தகிரியின் மனைவி மங்கம்மாள் பின்னால் சொன்னது.

கொஞ்ச நாள் வரை பாஞ்சாலை மாத்திரையை விடாமல் போட்டிருக்கிறாள். அண்ணன் கோழி அடித்தார், நெய் வாங்கினார், தேன் எடுத்து வந்தார். எவ்வளவு போட்டும் கன்னம் நிறையவில்லை. அப்போதுதான் ஒரு விடியலில் அவள் மாத்திரை விழுங்குவதைப் பார்த்தார்.

"இதுதான் உன்னத் தின்னுது."

"இது இல்லன்னா நான் இல்லண்ணா."

அவர் அதற்குமேல் வாதாடவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டார். தட்டு வந்தால் தள்ளி வைத்தார். "அவ அத வுடட்டும். அப்பறம் நான் திங்கறேன்." மூன்றாம் நாள் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். பாஞ்சாலை முந்தானை முடிச்சை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அடுப்பில் போட்டார். பிறகு அண்ணனும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "அப்பிடி ஒரு சந்தோசத்த அவரு மொகத்துல நான் பாத்ததே இல்ல" என்றாள் மங்கம்மாள்.

சங்கத்துக்கு வருகிறவர்களிடம் நான் கொடுத்தனுப்பிய மாத்திரைகளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. அவையும் அடுப்புக்குத்தான் போயின.

மார்கழியில் காசி என்பவன் கடுக்காய் மூட்டையோடு சங்கத்துக்கு வந்தான். "உங்க மச்சான் சொல்லச் சொன்னாரு. தங்கச்சி நல்லா தேறிட்டாளாம். மொகம் பூரிச்சு நெலா மாதிரி ஆயிட்டாளாம். வந்து கூட்டினு போவீங்களாம்."

மூட்டையைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

6

தீர்த்தகிரி ஊர் எல்லைக்கே வந்து நின்றிருந்தார். "வா மாப்ள, வந்து பாரு! இதுக்குப் பேர்தான் ஒடம்பு!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அவள் கம்பளிக்குள் அடுப்போரம் கிடந்தாள். கண்கள் வீக்கத்துக்குள் புதைந்திருந்தன. கையைத் தொட்டேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தும் சில்லென்றிருந்தது.

"வந்துட்டியாய்யா" என்றாள். பழைய கரகரப்பு. வெகுநேரம் கழித்து, "அண்ணன ஒண்ணும் கேக்காத."

கம்பளியை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கினோம். பின்பக்கம் ஆட்கள் மாறி மாறிப் பிடித்தார்கள். முன்பக்கத்தைத் தீர்த்தகிரி யாருக்கும் கொடுக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

வேறு முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் மங்கம்மாள் பாதி மாத்திரையை ஓலைக்கூரையில் ஒளித்து வைத்திருக்கிறாள். இன்னொன்றில் வழியில் ஒரு ஜீப் வருகிறது. ஆஸ்பத்திரியில் பாஞ்சாலை கண் விழித்து, தூளியில் தலை இடித்ததற்காக என்னைத் திட்டுகிறாள். அது நன்றாக வந்திருந்தது. திட்டு இரண்டு பக்கம் ஓடியது. படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன்.

நடந்தது இது. மண் தள்ளி முடித்த பின் தீர்த்தகிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னால ஆனமட்டும் போட்டுப் பாத்தேன் மாப்ள. நீ காயப்போட்ட ஒடம்பு, தாங்கல. போவட்டும். உம்மேல எனக்குக் கோவம் இல்ல."

"சரி மச்சான்" என்றேன்.

7

முதல் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன்.

போன மாதம் வந்தவர் உட்கார்ந்ததும் எழுதச் சொல்லிவிடவில்லை. தண்ணீர் கேட்டார். இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"ரத்தக் கொதிப்பாம் மாப்ள. சுகாதார நிலயத்துல குடுத்தாங்க. தெனம் ஒண்ணு. பாதியில நிறுத்தினா ஆளே போயிடுவன்னு அந்த நர்சம்மா கத்துது."

மாத்திரையை வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஞ்சாலையோடதும் இப்பிடித்தான வெள்ளையா சின்னதா இருந்துச்சு?"

"ஆமா மச்சான்."

அவர் மாத்திரையை விழுங்கினார். தண்ணீரைக் குடித்தார். அதன் பிறகுதான் தங்கச்சியைப் பற்றி எழுதச் சொன்னார்.

அவருக்குத் தெரியுமோ, பாதி தெரியுமோ, என் வாயால் கேட்கப் பயந்து காகிதத்தில் கேட்கிறாரோ, எனக்குத் தெரியவில்லை. கேட்காதே என்றுதான் பாஞ்சாலை சொன்னாள். அவர் கேட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. கதை எழுதுகிறவன் தன் பாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து பார்க்கலாம் என்பார்கள். இந்த மனதின் வாசலில் நான் நின்றுகொண்டே இருக்கிறேன். ஒன்று மட்டும் தெரியும். கோபத்தையும் துக்கத்தையும் எதையாவது சாப்பிடுவதை நிறுத்தித்தான் காட்டுவார் அவர்.

ஆகவே, அவருக்கு இதைப் படித்துக்காட்டப் போகிறவரே, முதல் பகுதியில் உங்களிடம் சொன்னதையும், மூன்றாம் பகுதியையும் ஐந்தாம் பகுதியையும், ஆறில் நான் கிழித்த முடிவுகளையும் தாண்டிவிட்டு, இந்த ஏழாவதையும் விட்டுவிட்டுப் படித்தால், இது பெண்டாட்டிக்குச் சோறு போடாதவனின் கதை. அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்தால் எனக்குச் சம்மதம். எனக்கு அது பழகிவிட்டது. முழுவதையும் படிப்பதென்றாலும் உங்கள் இஷ்டம். எழுதச் சொன்னது அவர்தான்.

முழுவதையும் படித்தால் மட்டும் ஒன்று செய்யுங்கள். மறுநாள் விடிந்ததும் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் மாத்திரையைப் போட்டு விழுங்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.